பையும் ஒரு ஆள்தான்

கீரனூரைத் தாண்டிப் புதுக்கோட்டை நோக்கி வரும்போது, நார்த்தாமலைக் குன்றுகள் கண்ணில் படும் தூரத்தில் அம்மாசத்திரம் இருக்கிறது. 2025 நவம்பரில் ஒரு நாள், சேலத்திலிருந்து கிளம்பிய சிறிய பயிற்சி விமானம் ஒன்று அங்கே திருச்சி நெடுஞ்சாலையில் வந்து இறங்கியது. பறந்துகொண்டிருக்கும்போதே கோளாறு, ஓடுபாதை தேடிப் போக அவகாசமில்லை. உள்ளே இருந்த இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அங்கே கூடிவிட்டன. இப்போதும் பேருந்து அந்த இடத்தைக் கடக்கும்போது யாராவது ஒருவர் ஜன்னல் வழியே கைகாட்டி, "இங்கதான் பிளேன் எறங்குச்சு" என்கிறார்.

கூட்டம் விமானத்தைப் பார்த்தது. என் நினைவுக்கு வந்தது ஒரு நோட்டுப் புத்தகம். விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் லாக் புக் வைத்திருப்பார்கள். தேதி, விமானத்தின் பதிவெண், கிளம்பிய இடம், இறங்கிய இடம், எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். நடுச்சாலையில் முடிந்த அன்றைய பறப்பும் ஏதோ ஒரு லாக் புக்கில் ஒரு வரியாக ஏறியிருக்கும். அந்த வரியை எழுதிய கை எப்படி நடுங்கியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அப்படியொரு லாக் புக் என் அக்கா வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.

அக்கா மகன் வணிக விமானி உரிமம் வாங்கி ஒன்றரை வருடமாகிறது. அதற்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதில் 100 மணிநேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். இரவில் ஐந்து மணிநேரம். 300 கடல்மைலுக்குக் குறையாத நெடும்பயணம் ஒன்று. அந்த மணிநேரங்களைத் துறைக்காரர்கள் 'அவர்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். "மாமா, இருநூறு அவர்ஸ் முடிஞ்சிருச்சு" என்று அவன் தொலைபேசியில் சொன்ன அன்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டுப் பகல், எட்டு இரவு, அதற்கு மேல் எட்டு மணிநேரம். அவ்வளவுதான். அதற்காக ஆலங்குடிப் பக்கம் இருந்த தென்னந்தோப்பு போயிற்று. 2018இல் கஜா புயல் பாதி மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன தோப்பு அது. மீதிப் பாதியை அக்கா தன் மகனுக்காகக் கொடுத்தாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவன் வெளிநாடு ஒன்றில் சரக்கு விமானம் ஓட்டும் வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னான். ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானம். தீவு தீவாக, மலை மலையாக மூட்டை கொண்டுபோய்ப் போடுகிற வேலை. அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போறதுதானே தம்பி பைலட்டு வேலை? மூட்டை ஏத்தவா தோப்பக் குடுத்தேன்?" என்று என்னிடம் கேட்டாள். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

அக்காவின் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. இந்தியாவில் மூட்டை சுமந்து தொழில் பழகும் அந்தப் படி அநேகமாகக் கிடையாது. இங்கே 200 மணிநேரம் முடித்தவர் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற பெரிய விமானம் ஒன்றுக்கான தனிப்பயிற்சியை எடுத்துக்கொண்டு, நேரே பயணிகள் விமானத்தின் வலது இருக்கையில் துணை விமானியாக உட்கார்ந்துவிடலாம். பின்னால் 180 பேர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1996 முதல் சரக்கு மட்டுமே சுமந்து பறக்கும் புளூ டார்ட் ஏவியேஷன் இருக்கிறது. ஆனால் அதன் விமானங்களும் பெரிய போயிங் ஜெட் விமானங்கள்தான். சிறு விமானத்தில் தன்னந்தனியாகச் சரக்கு சுமந்து தொழில் பழகுவது நம் ஊரில் அநேகமாக யாரும் கண்டிராத ஒன்று.

அமெரிக்காவில் வழி வேறு. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்துக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, 2013 முதல், துணை விமானியாக உட்காருவதற்கே பொதுவாக 1,500 மணிநேரம் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. எனவே புதியவர்கள் விமானத்தின் பின்னால் விளம்பரத் துணி கட்டி இழுக்கிறார்கள், அடுத்த மாணவருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள், போதிய மணிநேரம் சேர்ந்ததும் சரக்கு சுமக்கப் போகிறார்கள். ஃபெடெக்ஸ் போன்ற நிறுவனங்களின் பெரிய விமானங்கள் கொண்டுவந்து போடும் பார்சல்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசேர்க்கும் செஸ்னா கேரவன் விமானங்களில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம். பல விமானங்களில் விமானி ஒருவர் மட்டும். பக்கத்து இருக்கை காலி. பின்னால் பெட்டிகள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பஃபலோவில் விழுந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணிநேரத்தைத் தாண்டியவர்கள். ஆக, மணியின் எண்ணிக்கை மட்டும் ஒருவரை விமானி ஆக்கிவிடாது. அந்த மணிகளுக்குள் அவர் எதைப் பழகினார் என்பதுதான் விஷயம். நம் ஊர் முறை ஆபத்தானது என்று சொல்ல நான் வரவில்லை. பக்கத்தில் மூத்த விமானி இருக்கிறார், சிமுலேட்டர் என்னும் பாவிப்பு யந்திரத்தில் எத்தனையோ மணிநேரப் பயிற்சி இருக்கிறது. நான் கேட்பது வேறு. யாரும் பார்க்காத இடத்தில், கேட்டுச் சொல்ல ஆளில்லாமல், தானே முடிவெடுத்துப் பழகும் காலம் ஒன்று தொழிலின் தொடக்கத்தில் வேண்டாமா?

அப்பா இருந்திருந்தால் அக்காவுக்குப் பதில் சொல்லியிருப்பார். அவர் திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தவர். இரவு ரயிலில் தபால் பிரிக்கும் வேலை. விடியற்காலையில் வீட்டுக்கு வந்தால் விரல்களில் சாக்கு வாசனையும் அரக்கு வாசனையும் இருக்கும். "பையும் ஒரு ஆளுதான். அது டிக்கெட் எடுத்திருக்கு, அதுக்கும் போய்ச் சேர ஒரு ஊரு இருக்கு" என்பார். சின்ன வயதில் அதை அவருடைய பேச்சு வழக்கமென்று நினைத்தேன். தபாலின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, உலகத்தில் விமானத் தொழில் என்பதே அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் எழும்பியிருக்கிறது என்று தெரிந்தது.

1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனையைக் கடந்து நைனியில் கொண்டுபோய் இறக்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. அவருக்கு வயது 23. விமானம் என்ற பொருளே பிறந்து எட்டு வருடம்கூட ஆகவில்லை. இந்த மண்ணில் விமானம் செய்த முதல் உருப்படியான வேலை கடுதாசி சுமந்தது.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1929இல் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா, 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஒரு புஸ் மாத் விமானத்தில் தனியாகக் கிளம்பி, அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். பின்னால் இருந்தது ஏறக்குறைய 25 கிலோ தபால். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதை எடுத்துவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். அரசு மானியம் தரவில்லை. சுமந்த தபாலுக்குத்தான் கூலி. முதல் முழு ஆண்டில் அவர்கள் 1,60,000 மைல் பறந்து ஏறக்குறைய 10 டன் தபால் சுமந்தார்கள். அதே ஆண்டில் ஏறிய பயணிகள் வெறும் 155 பேர். பின்னாளில் ஏர் இந்தியா ஆன நிறுவனத்தின் குழந்தைப் பருவம் இதுதான். ஆளை ஏற்றும் முன் அது பையை ஏற்றிப் பழகியது.

1938இல் அந்தத் தபால் விமானம் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புவரை நீண்டது. ஒரு நாள் பள்ளிக்கூட அட்லஸை விரித்து, திருச்சியையும் கொழும்பையும் அளவுகோலால் இணைத்துப் பார்த்தேன். கோடு புதுக்கோட்டை நகரத்தின் மேலேயே போகிறது. தெற்கே தொண்டிக்கு அருகே கடலைத் தொடுகிறது. அப்போது புதுக்கோட்டை ராஜகோபாலத் தொண்டைமானின் சமஸ்தானம். நேர்கோட்டில் பறந்திருந்தால் அந்தச் சின்ன விமானத்தின் நிழல் கீழராஜ வீதியிலும் புதுக்குளத்திலும் விழுந்திருக்கும். சமஸ்தானத்துச் சனங்களில் எத்தனையோ பேர் அப்போது இலங்கையிலும் மலேயாவிலும் பர்மாவிலும் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து வட்டிக்கடைக் கணக்கும், பிள்ளைபெற்ற சேதியும், சாவுச் சேதியும் அந்தப் பைகளுக்குள் இருந்திருக்கும். மேலே ஒரு மனிதர், கீழே பார்த்து வழி கண்டுபிடித்து, மழை மேகத்தைச் சுற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தால் தெரிவது சாக்குப் பை. அதற்குள் இருப்பவர்கள் அவருக்குத் தெரியாத நூறு குடும்பங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1949 ஜனவரியில், இரவுத் தபால் விமானம் வந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடும். பைகள் மாறும். விடிவதற்குள் நான்கும் அதனதன் ஊருக்குத் திரும்பிவிடும். எத்தனையோ ஆண்டுகள் நடந்தது. அப்பா அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும். தன் கை கட்டிய பை நள்ளிரவில் நாகபுரியில் கைமாறுகிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை. அந்த விமானங்களை ஓட்டியவர்களை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்களைத் தன்னோடு வேலை பார்ப்பவர்களாகத்தான் சொல்வார்.

இலக்கியம் படிக்கிற நமக்கு இந்த இனத்து மனிதர் ஒருவரை நன்றாகத் தெரியும். மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்ட 'குட்டி இளவரச'னின் ஆசிரியர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. 1926இல் அவர் சேர்ந்த வேலை, தூலூஸிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தபால் சுமப்பது. அடுத்த ஆண்டு சகாரா ஓரத்தில் கேப் ஜூபி என்ற இடத்தில் நிலைய அதிகாரியாக, மணலுக்கும் கடலுக்கும் நடுவே இருந்தார். பாலைவனத்தில் விழுந்த விமானியிடம் ஒரு சிறுவன் வந்து ஆட்டுக்குட்டி வரையச் சொல்லும் கதை ஒரு தபால்காரருடைய தனிமையிலிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன். கண்ணுக்குத் தெரியாததை மதிக்கச் சொல்லும் புத்தகம் அது. ஒட்டிய உறைகளைச் சுமந்து பழகியவருக்கு அந்த மதிப்பு கைவந்த பழக்கம்.

சரக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுக்கிறது. அது பாரம். கீரமங்கலத்துப் பூச்சந்தையிலிருந்து கிளம்பும் வண்டிகளையும், ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளோடு கிளம்பும் லாரிகளையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கிளீனராகச் சேர்கிற பையனுக்கு முதலில் ஸ்டியரிங்கைத் தொடவிட மாட்டார்கள். கயிறு கட்டச் சொல்வார்கள், தார்ப்பாய் போடச் சொல்வார்கள். பாரம் பின்னால் கூடிவிட்டால் ஸ்டியரிங் லேசாகிவிடும் என்பது லோடு ஏற்றி ஏற்றித்தான் அவன் உடம்பில் இறங்கும். விமானத்திலும் அதே கதைதான், தண்டனை மட்டும் பெரிது. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமிலிருந்து கிளம்பிய போயிங் 747 சரக்கு விமானத்தில், சரியாகக் கட்டப்படாத ராணுவ வண்டி ஏறும்போதே பின்னால் நகர்ந்தது. விமானத்தின் மூக்கு நிமிர்ந்து, அப்படியே விழுந்து, உள்ளே இருந்த ஏழு பேரும் போனார்கள். பயணி தன் இடுப்புப் பட்டையைத் தானே போட்டுக்கொள்வார். மூட்டைக்கு நாம்தான் கட்ட வேண்டும். அது வலிக்கிறது என்று சொல்லாது, பயமாக இருக்கிறது என்றும் சொல்லாது. அதற்காக நாமே பயப்படக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் பாலபாடம்.

மீனும் விமானமும் சேர்ந்த உண்மைக் கதை ஒன்று இந்தோனேசியாவில் உண்டு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு மீன் வியாபாரத்தில் இறங்கிய சுசி புஜியாஸ்துதி என்ற பெண், பங்கண்டாரன் கரையிலிருந்து மீனையும் சிங்கி இறாலையும் கெடாமல் ஜகார்த்தாவுக்கு அனுப்ப, வங்கிக் கடனில் செஸ்னா கேரவன் விமானங்கள் வாங்கினார். அது 2004ஆம் ஆண்டு. டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. நம் கரையை அடித்த அதே அலை, அசே மாகாணத்தை அடியோடு பெயர்த்தது. மீன் சுமக்க வாங்கிய விமானங்கள் அரிசியும் மருந்தும் சுமந்துகொண்டு மெலபோ என்ற ஊருக்கு முதலில் போய் இறங்கியவற்றுள் இருந்தன. அங்கே பிறந்ததுதான் சுசி ஏர். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் குறைந்த மணிநேரமே பறந்த இளைஞர்கள் அங்கே போய், பப்புவா மலைகளுக்கு நடுவே சரிந்து கிடக்கும் சின்ன ஓடுபாதைகளில் தொழில் பழகினார்கள். சுலபமான வாழ்க்கை அல்ல. 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் நியூசிலாந்து விமானி ஒருவரைப் பப்புவாவில் கிளர்ச்சியாளர்கள் பிடித்துக்கொண்டுபோய் 19 மாதம் கழித்துத்தான் விட்டார்கள். மருமகன் இதையெல்லாம் என்னிடம் மறைக்காமல் சொன்னான். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை.

அந்த அபாயங்களைவிட என்னை வருத்துவது ஒரு மனப்பான்மை. 2014இல் அமெரிக்காவில் விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டிப் புதிய விதி வந்தபோது, சரக்கு விமானிகளை அதிலிருந்து விலக்கிவைத்தார்கள். இரவு இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே மனித உடம்பு தன்னை மீறித் தூக்கத்துக்கு இறங்குகிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. அந்த நேரத்தில்தான் சரக்கு விமானிகள் பெரும்பாலும் விழித்திருக்கிறார்கள். பின்னால் ஆள் இல்லை என்பதால் முன்னால் இருக்கும் ஆளின் களைப்பும் கணக்கில் குறைந்துவிட்டது. 'சரக்கு' என்ற சொல்லை நாமும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். பேருந்து ஓட்டுநருக்கு இருக்கும் மரியாதை லாரி ஓட்டுநருக்குக் கிடையாது. நம் வீட்டுக்கு வரும் அரிசியும் மருந்தும் யாரோ தூங்காமல் கொண்டுவந்தவை என்று நினைக்க நமக்கு நேரமில்லை.

பல வருடங்களுக்கு முன், அறந்தாங்கிப் பக்கம் இருந்த எங்கள் சித்தப்பா மகன் வளைகுடாவில் வேலை பார்த்த இடத்தில் மாரடைப்பில் போய்விட்டான். வயது முப்பத்தெட்டு. காகிதங்கள் முடிந்து உடல் வர இரண்டு வாரம் ஆயிற்று. நானும் அக்காவும் சித்தியோடு வேனில் திருச்சி விமான நிலையத்துக்குப் போனோம். பயணிகள் வரும் வாசலில் நின்றுகொண்டிருந்த எங்களை ஒருவர் அன்பாக அழைத்து, "இங்க இல்லீங்க, கார்கோ பக்கம் வாங்க" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அவன் போகும்போது பயணியாகப் போனான். வரும்போது சரக்காக வருகிறான். சரக்குச் சீட்டில் அவன் பெயர் இருந்தது, பெட்டியோடு சேர்த்து எடை கிலோவில் இருந்தது. விமானத்தின் பாரப் பட்டியலில் இப்படிப்பட்ட பெட்டிக்கு மூன்றெழுத்துக் குறி ஒன்று உண்டு என்று பின்னாளில் மருமகன் சொன்னான். மேலே உட்கார்ந்து வரும் பயணிகளுக்குத் தெரியாது. ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

புதுக்கோட்டையிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஆள் போகாத ஊர் எது? அந்தக் கிடங்கின் வாசலில் நிற்காத ஊரும் அநேகமாக இருக்காது. பூவும் காய்கறியும் ஏற்றிப்போன அதே வயிற்றில்தான் நம் பிள்ளைகள் கடைசியாக ஊர் திரும்புகிறார்கள்.

சென்ற மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகனுக்கு அந்த வெளிநாட்டு வேலையிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது. அவன் மேசையில் லாக் புக்கை விரித்துவைத்து மணிகளை மறுபடி கூட்டிக்கொண்டிருந்தான். அடுப்படியிலிருந்து காப்பியோடு வந்த அக்காவிடம், அப்பா பையைப் பற்றிச் சொல்வது ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விரல் நகரும் கட்டங்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அன்னைக்கு நம்ம பயலக் கொண்டாந்தாங்கள்ல, அந்த பிளேன ஓட்டியாந்தவரு யாருன்னு நாம கேக்கவே இல்லையே" என்றாள்.

கேட்கவில்லைதான். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. மருமகன் கூட்டிய மணியைப் பென்சிலால் எழுதிக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அது இன்னும் எழுதப்படாத பக்கம்.